அக்காவின் காய்ந்த எடை

முட்டையின் வெள்ளை அக்காவுக்கு, மஞ்சள் எனக்கு. இப்படித்தான் எங்கள் வீட்டில் பங்கு. அவித்த முட்டையை நூலால் அறுத்து, மஞ்சள் கருவை விரலால் உருட்டி எடுத்து என் தட்டில் போடுவாள். வெள்ளையில் சதைக்கு வேண்டியது இருக்கிறது, மஞ்சள் அவளுடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எறிய மனம் வராமல் நான் தின்றேன். தின்று தின்று நான் பருத்துவிட்டேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது. "நோய் எனக்கு, சதை உனக்கா?" என்று அக்கா கேட்பாள்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் டவுன் ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு இரத்தத்தைக் கழுவுகிறார்கள். அவள் இடது கையில் இரத்தக் குழாய்களைக் கூட்டித் தைத்திருக்கிற இடத்தைத் தொட்டால் வண்டு இரைவது மாதிரி இரையும். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கும்போது அந்த இரைச்சல் என் கைக்குள்ளும் இறங்கும். மலைச்சரிவு ரப்பர் காடெல்லாம் அந்தச் சத்தத்தோடுதான் எனக்குப் பின்னால் ஓடியது, இத்தனை காலமும்.

அவளுக்குச் சமைப்பது ஒரு தனி வேலை. உருளைக்கிழங்கையும் கரட்டையும் மெல்லிசாக அரிந்து தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னொரு தண்ணீரில் அவித்து, அதையும் ஊற்றிவிட வேண்டும். மிஞ்சுவது காய்கறியின் சக்கை. அதில் உப்பும் போடக் கூடாது. செவ்விளநீர் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, ஈரப்பலா ஆகாது. தோட்டத்தில் சும்மா கிடைப்பது எதுவுமே ஆகாது. குடிக்கிற தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல். மழை கொட்டுகிற ஊரில், கூரையிலும் பீலியிலும் சாக்கடைக் கானிலும் இரவு பகலாகத் தண்ணீர் பேசிக்கொண்டிருக்கிற ஊரில், என் அக்கா ஒரு துண்டு ஐஸை நாக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. மாதம் ஒரு தடவை அந்தக் குழந்தைகளைத் தொங்கு தராசில் போட்டு நிறுப்போம். முள் கொஞ்சம் கூடியிருந்தால் கை தட்டுவோம். கூடாத பிள்ளையின் தாயைக் கூப்பிட்டு, என்ன கொடுக்கிறாய், முட்டை கொடுக்கிறாயா என்று நூறு கேள்வி கேட்பேன். அப்படிப்பட்ட நான்தான், என் வீட்டில் ஒருத்தி இளைத்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷப்பட்டதற்குக் காரணம் உண்டு. அக்கா பெரிய உடம்பு. சின்ன வயதிலிருந்தே. தோட்டத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பீப்பா. பால்வெட்டுக்குப் போகிற வரிசையில் அவளைக் கடைசியில் விட்டுவிட்டு, "பீப்பா உருண்டு வரட்டும், நாம போவோம்" என்பார்கள். ரப்பர் மரத்தடியில் குனிந்து நிமிர்ந்து, கத்தி பிடித்து, சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிச் சுமந்துவருவாள். எந்த மெலிந்தவளுக்கும் குறையாமல் வெட்டினாள். ஆனாலும் பீப்பாதான். இரத்தத்தில் சீனி கூடிச் சீனி வருத்தம் என்று கிளினிக்குக்குப் போனபோது அங்கேயும் அதே பேச்சு. "மெலியணும். சோத்தைக் குறைங்க. இப்படி இருந்தா சீக்கிரம் போய்ச் சேருவீங்க." அக்காவின் புருஷன், மச்சான், உயிரோடு இருந்த காலத்தில் லயத்து வரிசை வீடுகளைக் காட்டி அவரும், "நீ நடந்தா லயமே ஆடுதுடி" என்பார். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு அன்றைக்கு ராத்திரிச் சோற்றைத் தொடமாட்டாள்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாந்தியும் குமட்டலுமாகச் சில மாதம். அந்தச் சில மாதத்தில் உடம்பு பாதியாகிவிட்டது. மெஷினுக்குப் போகத் தொடங்கியபோது அவள் என்னைவிட மெலிந்த பெண்ணாக இருந்தாள். கோயிலில், கடையில், பஸ்ஸில், பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள்: "அடடே, நல்லா மெலிஞ்சு அழகா ஆயிட்டீங்களே!" அக்கா வெட்கப்பட்டாள். ஐம்பத்துச் சொச்சம் வயதில், கையில் ஊசிப் புண்ணோடு, கன்னம் சிவக்க வெட்கப்பட்டாள்.

தன் பழைய சட்டைகளை எல்லாம் பிடித்துத் தைக்க எடுத்துப்போனாள். தையல்காரப் பெண் சொன்னாள், "அக்கா, உள்ளுக்குத் துணி விட்டு வைக்கிறேன். பின்னாடி தேவைப்பட்டாப் பிரிச்சு விட்டுக்கலாம்."

"வேணாம். வெட்டிரு."

"வெட்டினா அப்புறம் விடமுடியாதே."

"எதுக்கு விடணும்? இனி இந்தப் பீப்பா உருளாது. வெட்டுடி."

கத்தரி ஓடிய சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தரையில் நீள நீளமாகத் துணிக் கீலங்கள் விழுந்தன. அக்கா அதைக் கால்விரலால் தள்ளிவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெற்றியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு வியாதி அவளுக்கு அவள் ஆசைப்பட்டதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தது. நானும் கூட நின்று சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் முதல் வேலை தராசு. மெஷினில் படுப்பதற்கு முன்னால் ஏறி நிற்க வேண்டும், இறங்கிய பிறகும் ஏறி நிற்க வேண்டும். சிறுநீர் போகாத உடம்பில் குடிக்கிறது, தின்கிறது எல்லாவற்றின் தண்ணீரும் தங்கிவிடும். அந்தத் தண்ணீரை மெஷின் இழுத்துவிடும். எதுவரை இழுப்பது? அதற்கு ஒரு எண் உண்டு. வேண்டாத தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் இவள் எவ்வளவு நிறுப்பாள் என்று டாக்டர் பார்த்து முடிவு செய்த எண். அதை அங்கே காய்ந்த எடை என்று சொன்னார்கள். மெஷின் அந்த எண்வரைக்கும் இழுக்கும். அதற்குக் கீழே போகாது.

முதல் நாளே அக்காவுக்கு அது விளங்கிவிட்டது. "இது நம்ம பால் ஸ்டோர்தான்டி" என்றாள்.

ரப்பர் பாலை வாளியோடு நிறுத்துச் சம்பளம் போடமாட்டார்கள். பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதிலும் சில பேர் வருகிற வழியில் ஓடையில் ஒரு சிரட்டை மொண்டு ஊற்றிக்கொண்டும் வருவார்கள். அதனால் ஸ்டோரில் கணக்கெழுதுகிற கிளாக்கரையா ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்க விடுவார். அது எவ்வளவு முங்குகிறது, எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, இந்த வாளியில் காய்ந்த ரப்பர் இவ்வளவு என்று எழுதுவார். அதற்குத்தான் காசு. அக்கா தன் வாழ்நாள் முழுக்க அந்தக் குழாய் முங்குவதையும் மிதப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றவள். இப்போது தானே வாளியாகி நிற்பதாகச் சொல்லிச் சிரித்தாள். நர்ஸ் மிஸ் என்ன சிரிப்பு என்று சிங்களத்தில் கேட்டாள். அக்கா சிங்களத்திலேயே சொன்னாள். மிஸ்ஸும் சிரித்தாள்.

எங்கள் பக்கத்துப் படுக்கையில் ஒரு சிங்கள முதலாளி. கித்துல்கலயில் ஆற்றோரம் கடை வைத்திருந்தவர். ஆற்றில் ரப்பர் படகு விடவரும் கொழும்புப் பிள்ளைகளுக்குக் குளிக்கிற காற்சட்டையும் பிஸ்கட்டும் விற்றவர். பெரிய தொந்தி. படுத்தால் அந்தத் தொந்திக்கு அப்பால் அவர் முகம் தெரியாது. அந்த அறையிலேயே அதிக வருஷம் அவர்தான். அவருக்குப் பிறகு வந்த எத்தனையோ பேர் மெலிந்து மெலிந்து, ஒரு நாள் படுக்கை காலியாகி, போர்வை மாறி, வேறு யாரோ படுத்திருப்பார்கள். அவர் மட்டும் தொந்தியைத் தடவிக்கொண்டு கிடந்தார்.

"நங்கி," என்று அக்காவைக் கூப்பிடுவார், தங்கச்சி என்று. கடைத்தமிழும் சிங்களமும் கலந்துதான் பேச்சு. "நீ ஏன் இப்பிடிக் காய்ஞ்சு போறது? சாப்புடு நங்கி. இங்க பாரு," தொந்தியில் ஒரு தட்டு தட்டுவார், "மேக மகே அட்டுவ. என்னோட நெல்லு போட்டு வைக்கிற அட்டுவ. பஞ்சம் வந்தா இதுல இருந்து எடுக்கிறது."

"உங்க அட்டுவய நீங்களே வச்சுக்கங்க முதலாளி. நான் இப்பத்தான் காலி பண்ணியிருக்கேன்."

"காலி பண்ணக் கூடாது. எலிகூட இருக்காது அப்புறம்."

அறை முழுக்கச் சிரிக்கும். மெஷின்களும் கூடச் சிரிப்பது மாதிரி இரையும். எனக்கு அப்போது அந்த மனிதர் பேசுவது விளையாட்டாகத்தான் தெரிந்தது. கொழுப்பு நல்லது என்று யார் நம்புவது? கிளினிக்குச் சுவரில் ஒட்டியிருக்கிற படத்திலேயே குண்டு மனிதர்மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது.

அப்புறம் தவக்காலம் வந்தது.

எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்கருக்குத் தவக்காலம் என்றால் விளையாட்டில்லை. திருநீற்றுப் புதனில் நெற்றியில் சாம்பல் பூசியதிலிருந்து உயிர்த்த ஞாயிறு பாஸ்கா வரைக்கும் மீன் இல்லை, முட்டை இல்லை, கருவாட்டு வாசம்கூட லயத்தில் வராது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு வேளைச் சாப்பாடு. அந்திக்குச் சின்னக் கோயிலில் சிலுவைப் பாதை. பால் வெட்டிவிட்டு வந்து, கால் கழுவி, முழந்தாளிட்டு எழும்பி எழும்பி நடக்கிற சனம். அக்கா ஒரு வருஷமும் அதை விட்டதில்லை. இந்த வருஷம் விடு என்று சொன்னேன். சாமியார்கூட ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், நோயாளிகளுக்குக் கட்டாயம் இல்லை என்று சொன்னார்.

"நோயாளிக்குத்தானே சொன்னாரு," என்றாள்.

"நீ யாரு?"

"நான் மெஷினுக்குப் போறவ. படுக்கையில கிடக்கிறவதான் நோயாளி."

முதலாளியும் விடவில்லை. "உங்க சாமிக்கு முட்டை எதுக்கு நங்கி? சாமி கோழி வளக்குதா?"

"வளக்கல. நான் குடுக்கிறேன்."

"நீ குடுக்கிறது உன் சதையை. சாமி அதை வச்சு என்ன செய்யப்போறாரு?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அது விரதம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். விரதம் முடியும்போது இன்னும் கொஞ்சம் மெலிந்திருப்போம் என்கிற ஆசையும் அதற்குள் இருந்தது. சாமிக்கும் கண்ணாடிக்கும் சேர்த்து ஒரே காணிக்கை.

உப்பில்லாத சக்கைக் காய்கறியும் சோறும் மட்டும். அதிலும் பாதியை வைத்துவிடுவாள். முட்டையும் மீனும் இல்லையென்றால் அவளுக்குச் சதைபோட வேறு எதுவும் இல்லை, பருப்புக்கூட அளவோடுதான். ஆஸ்பத்திரியில் மிஸ் "நல்லாச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "ஹொந்தட்ட கனவா" என்று தலையாட்டுவாள். நல்லாச் சாப்பிடுறேன். நான் பக்கத்தில் நிற்பேன். வாய் திறக்கவில்லை. ஏனென்றால் தராசு எங்கள் பக்கம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் மெஷினில் இருந்து இறங்கித் தராசில் ஏறினால், அதே எண். மயிரிழை மாறாமல். "பர ஹரி" என்பாள் மிஸ். எடை சரி. எடை சரியென்றால் எல்லாம் சரி. நான் என் பிள்ளைக் காம்பராவில் நம்பியிருக்கிற அதே முள்தானே.

முகம்கூடத் தெளிந்தது மாதிரி இருந்தது. கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. "விரதம் இருந்தா முகத்துல ஒளி வரும்" என்று பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி சொன்னாள். சாயந்தரமானால் கணுக்காலில் செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரியும். நடந்த களைப்பு என்று நினைத்தோம். தலையணை ஒன்று போதாமல் இரண்டு கேட்டாள். கொடுத்தேன்.

குருத்தோலை ஞாயிறு அன்று கீழ் லயத்திலிருந்து கோயிலுக்குப் பவனி. எல்லார் கையிலும் ஓலை. படிக்கட்டு ஏற்றம். ஓசன்னா பாடிக்கொண்டு ஏறினோம். அக்கா என் பக்கத்தில்தான் பாடிக்கொண்டு வந்தாள். பாட்டு நின்றதைக் கவனித்துத் திரும்பினேன். படியில் உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்து மூடுகிறது, சத்தமில்லை. ஓலையை விசிறி மாதிரி முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள், ஆட்டக்கூடத் தெம்பில்லாமல். உதடு நீலம். நெஞ்சுக்குள் கொதிக்கிற பானை மாதிரி ஒரு சத்தம்.

யாரோ ஓடிப்போய் த்ரீவீலைக் கூட்டிவந்தார்கள். வழி முழுக்க அவளை நிமிர்த்திப் பிடித்திருந்தேன். சாய்த்தால் மூழ்குகிறாள். வறண்ட சாலையில், வெயிலில், என் மடியில் ஒருத்தி மூழ்கிக்கொண்டிருந்தாள்.

உடனே மெஷினில் போட்டார்கள். மூச்சு கொஞ்சம் வந்த பிறகு சின்ன வயது டாக்டரம்மா என்னிடம் வந்தாள். களைத்த கண். சிங்களத்தில் கேட்டாள், "எத்தனை நாளா இவங்க சாப்பிடல?"

"சாப்பிடுறாங்க டாக்டர். எடை அப்படியேதானே இருக்கு?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அக்காவின் மேல்கையைத் தூக்கி, பின்பக்கத் தோலை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள். துணி மாதிரி வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அப்புறம் கணுக்காலில் பெருவிரலை வைத்து அமுக்கி எடுத்தாள். குழி விழுந்தது. விழுந்த குழி அப்படியே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எடை அப்படியே இருக்கு. உள்ளே இருக்கிறதுதான் மாறிப்போச்சு. கொழுப்பும் சதையும் கரைஞ்ச இடத்துல தண்ணி நிக்குது. நாங்க பழைய எண் வரைக்கும்தான் இழுத்தோம். அந்த எண்ணுக்குள்ளேயே தண்ணி ஒளிஞ்சிருந்திருக்கு. நெஞ்சு வரைக்கும் ஏறிட்டுது."

"மெலிஞ்சா நல்லதுன்னு..."

"மத்தவங்களுக்கு. மெஷின்ல இருக்கிறவங்களுக்கு அப்படி இல்ல. இங்க மெலியறவங்கதான் முதல்ல போறாங்க. கொஞ்சம் கொழுப்போட இருக்கிறவங்க தாங்குறாங்க. ஒரு காய்ச்சல் வந்தா, ரெண்டு நாள் சாப்பிட முடியாமப் போனா, எதுல இருந்து எடுக்கிறது? கையிருப்பு வேணும். அதுக்காகக் கொழுப்பு எல்லாமே நல்லதுன்னு நான் சொல்லல. வயித்துல மட்டும் சேர்ந்தா இருதயத்துக்கு ஆகாது. ஏன் இப்படின்னு முழுசா எங்களுக்கே விளங்கல. ஆனா இவங்க இனி ஒரு கிராம்கூட இழக்கக் கூடாது. இழந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அக்கா கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். கண்ணைத் திறக்காமல் தமிழில் என்னிடம் சொன்னாள், "பால்ல தண்ணி ஊத்திக் கொண்டுவந்து குடுத்திருக்கோம்டி. ஒரு வாரமில்ல, தவக்காலம் முழுக்க. யாரும் குழாயை முங்க விடல."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது.

ஞாயிறு தொடங்கிப் புதன் வரைக்கும் நாள் தவறாமல் தண்ணீரை இறக்கினார்கள். ஒரேயடியாக இழுத்தால் இருதயம் தாங்காது என்று கொஞ்சம் கொஞ்சமாக. காய்ந்த எடையின் எண்ணைக் குறைத்துக் குறைத்து எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் தராசில் இருந்து வேறொருத்தி இறங்கினாள். கன்னத்து ஒளி போனது. கண்ணுக்குக் கீழே எலும்பு எழும்பியது. பெரிய புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள், முட்டை வெள்ளையும் மீனும் கொடுக்கச் சொல்லி.

மறுநாள் மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் அவளை உட்காரவைத்துக் குளிக்க வார்த்தேன். ஈரப் பாவாடைக்கு மேலே அவள் தோள், கை, விலா. எங்கள் அக்காவா இது? மரத்தையே அணைத்துக் கத்தி பிடித்த கை, அடிபட்ட கோழியின் இறக்கை மாதிரி தொங்கியது. அவள் தன் கையைத் தானே தூக்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் ஆட்டினாள். தோல் தனியாக ஆடியது.

"இவ்வளவுதான் மிஞ்சியிருக்கேனா?" என்றாள்.

நான் வாளியை வைத்துவிட்டேன். தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"பீப்பான்னு கூப்பிட்டாங்களே, அப்ப எவ்வளவு இருந்தேன். அதை வச்சுத்தான் இம்புட்டு நாள் தாங்கியிருக்கேன் போல. அதைப் போயித் தொலைச்சிட்டுச் சட்டை பிடிச்சேன்."

"எந்திரி. குளிருது."

"முட்டை இருக்கா?"

அன்று பெரிய வியாழன். லயத்தில் எல்லா அடுப்பிலும் மரக்கறி. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "இன்னும் மூணு நாள்தானேன்னு நேத்துச் சண்டை போட்டே?"

"போட்டேன். இப்ப கேக்குறேன். அவி. சாமி கேட்டா உன் பேரைச் சொல்லிக்கிறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு அவித்தேன், திருட்டு வேலை மாதிரி. மஞ்சளை அவள் என்னிடம் நீட்டினாள். நான் விரதம், வேண்டாம் என்றேன். "என்னை மட்டும் தனியா நரகத்துக்கு அனுப்பவா பாக்கிற?" என்று என் வாயில் திணித்துவிட்டாள். அப்படித்தான் அந்தப் பங்கு தொடங்கியது.

தின்ன முடிவெடுத்தால் சதை வந்துவிடும் என்றுதான் நான் நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றிச் சொல்ல எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அவளுக்குப் பசி என்பதே இல்லை. வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற ருசி என்பாள். ஒரு கவளம், ஒரு பெருமூச்சு. நான் கெஞ்சுவேன், அதட்டுவேன், தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்று மழையைப் பார்ப்பேன். பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில் ஊட்டிவிட்டு வந்து இரவில் மறுபடி ஊட்டுகிற கை. மீன் அவித்து, முள் எடுத்து, தண்ணீரை ஊற்றி, மறுபடி அவித்து. சமயத்தில் எனக்கே தோன்றும், இவள் போய்விட்டால் நான் தூங்கலாமே என்று. தோன்றிய மறுநிமிஷம் எழும்பிப் போய் அவள் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

எடை கூடினாலும் நிம்மதி கிடையாது. தண்ணீரா, சதையா? தராசு சொல்லாது. இப்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் மிஸ் கணுக்காலை அமுக்கிப் பார்க்கிறாள், மேல்கையைக் கிள்ளிப் பார்க்கிறாள். வீட்டில் நான் கிள்ளிப் பார்ப்பேன். முதலில் தோல்தான் வரும். பல மாதம் கழித்து ஒரு நாள், விரலுக்கிடையில் தோலோடு சேர்ந்து மெத்தென்று கொஞ்சம் என்னவோ வந்தது. ஒரு நுள்ளு. பிடித்த பிடியை விடாமல் நின்றேன்.

"விடுடி. வலிக்குது."

"வலிக்குதா?"

"கிள்ளினா வலிக்காதா?"

"முந்தி வலிக்கலன்னு சொன்னியே."

அவள் தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த பாஸ்காவுக்குச் சட்டை அக்குளில் பிடித்தது. பிரித்துவிட உள்ளே துணி இல்லை, வெட்டிப்போட்டாச்சே. தையல்காரப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். அக்கா என் பழைய மஞ்சள் சட்டை ஒன்றைக் கிழித்து, இரண்டு முக்கோணத் துண்டு வெட்டி, தானே உட்கார்ந்து இரண்டு அக்குளிலும் ஒட்டுப் போட்டாள். ஊதாச் சட்டையில் மஞ்சள் ஒட்டு.

"கண்ணை உறுத்துதுக்கா."

"கையத் தூக்கினாத்தானே தெரியும்? நான் யாருக்குக் கையத் தூக்கப்போறேன்?"

ஆனால் மெஷினுக்குக் கையை நீட்ட வேண்டும். ஊசி ஏற்றும்போதெல்லாம் அந்த மஞ்சள் தெரியும். முதலாளி அதைப் பார்த்துவிட்டுப் படுக்கையில் எழும்பி உட்காரப் பார்த்தார். "நங்கி, அட்டுவ பெருக்குது! வாசல் உடைச்சுக் கட்டியிருக்கிறது!" அக்கா அவரைத் திட்டினாள். திட்டினாலும் அன்றைக்குக் கையை இன்னும் கொஞ்சம் நீட்டித்தான் வைத்திருந்தாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது முதலாளியின் படுக்கையில் புதுப் போர்வை. மெலிந்த ஒரு பையன் படுத்திருந்தான். அக்கா மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இருதயம். கடையில் பிஸ்கட் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை.

அன்று மெஷினில் கிடந்த நேரமெல்லாம் அக்கா பக்கத்துப் படுக்கையைப் பார்க்கவே இல்லை. தராசில் ஏறினாள், இறங்கினாள். எண்ணைக் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எங்களை முந்திக்கொண்டு ஒரு வேன் போனது, கூரையில் காற்றடைத்த ரப்பர் படகு, உள்ளே பாடிக்கொண்டு பிள்ளைகள்.

"அவருக்கு அவ்வளவு இருந்துதே," என்றாள்.

டாக்டரம்மா சொன்னது எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, தாங்குவார்கள் என்று சொன்னதும், வயிற்றில் மட்டும் சேர்ந்தால் என்று சொன்னதும். எதுவும் அந்த நேரத்துக்கு உதவுகிற வார்த்தையாக இல்லை. தாங்கினார். எத்தனையோ வருஷம் தாங்கினார். அப்புறம் தாங்கவில்லை. இதைச் சொல்லி அவளுக்கு எப்படிச் சோறூட்டுவது?

அவ்வளவுதான், இனி இவள் தின்னமாட்டாள் என்று நினைத்தேன். எத்தனை மாதத்து உழைப்பு, ஒரு நுள்ளு சதை, அதுவும் போய்விடும். என் மடியில் சாப்பாட்டுப் பை கிடந்தது. அதைத் திறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கை என் கையோடு இரைந்துகொண்டே வந்தது.

வளைவில் பஸ் சாய்ந்தபோது பையின் ஜிப் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அக்கா முட்டையை எடுத்து முன் சீட்டுக் கம்பியில் தட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். ஓடு அவள் மடியில் உதிர்ந்தது. நூல் இல்லாததால் பல்லால் கடித்தே பிளந்தாள். வெள்ளையைக் கொஞ்சமாகக் கடித்து, ருசியில்லாத முகத்தோடு, நெடுநேரம் மென்றாள். விழுங்கினாள். மறுபடி கடித்தாள்.

மஞ்சளை உருட்டி என் பக்கம் நீட்டினாள். எனக்கு வேண்டாம் போலிருந்தது. தலையை ஆட்டினேன்.

"புடி," என்றாள். "பஸ்ஸு குலுங்குது, விழுந்துரும்."

வாங்கிக்கொண்டேன்.